காலடியில் ஒரு ரேடியோ

தொண்ணூறுகளின் பிற்பாதியில் புதுக்கோட்டை வட்டாரத்து மெல்லிசைக் குழுக்காரர்களுக்குச் சோறு போட்டது கோயில் திருவிழாதான். மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, பிறகு ஆடி முடியும்வரை ஆலங்குடி, கறம்பக்குடி, கீரனூர், அன்னவாசல் என்று ஊருக்கு ஊர் அம்மன் கூப்பிடுவாள். கடற்கரைப் பக்கம் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்றால் பெரும்பாலும் கல்யாண வீட்டுக் கச்சேரி. எங்கே போனாலும் மேடையில் கீபோர்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். வயலினும் புல்லாங்குழலும் கோரஸும் அவர் விரலுக்குள் அடக்கம். கிடார் இல்லாமலேயே கச்சேரியை ஒப்பேற்றிவிடலாம் என்று விழாக் கமிட்டிக்காரர்களிடம் அவர் சொல்வது என் காதிலும் விழும். அவரால் ஒப்பேற்ற முடியாத ஒன்று என்னிடம் இருந்தது. அது வா பெடல். எழுபது, எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் ரிதம் கிடார் ‘வக்கச்சிக்க வக்கச்சிக்க’ என்று பேசிக்கொண்டே போகுமே, அந்தச் சத்தத்தைத் தருகிற சாமான். கீபோர்டிலும் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. கேட்டால் சிரிப்பு வரும்.

என் பெடல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்கே ஷிப்யார்டில் வேலை பார்த்த மச்சான் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி, கோடாலித் தைலப் பாட்டில்களுக்கும் சேலைகளுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். மெட்ராஸ் ஏர்போர்ட்டில் ‘இது என்ன’ என்று கேட்டதற்கு அவருக்கே பதில் தெரியவில்லையாம். கனத்த வார்ப்பு உடம்பு, மேலே ரப்பர் ஒட்டிய பலகை. குழுவில் எல்லோரும் அதைத் தையல் மிஷின் என்றுதான் சொன்னார்கள். குதிகாலை அழுத்தினால் கிடார் ‘ஊ’ என்று அடைத்துக்கொள்ளும். விரல் பக்கம் அழுத்தினால் ‘ஆ’ என்று வாயைத் திறக்கும். இன்னும் ஓங்கி முன்னால் மிதித்தால் அடியில் இருக்கும் சுவிட்ச் ‘டக்’கென்று விழுந்து, வா வேலைக்கு வரும், இல்லையென்றால் ஓய்வுக்குப் போகும்.

இந்தச் சாமான் பிறந்ததே ஒரு சிக்கன நடவடிக்கையில். 1966இல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் என்ற கம்பெனி, வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்களைத் தன் கணக்குக்கு ஏற்றபடி திருத்திச் செய்துகொண்டிருந்தது. நடு ஸ்தாயியைத் தூக்கிக் காட்டும் சுவிட்ச் விலை கூடுதலாக இருக்கிறது, அதை எடுத்துவிட்டு மலிவான வால்யூம் கண்ட்ரோல் போடு என்று பிராட் பிளங்கெட் என்கிற இளம் எஞ்சினியருக்கு உத்தரவு. போட்டுத் திருகிப் பார்த்தால் சத்தம் வாய்விட்டுப் பேசியது. ஆர்கனுக்கு வைத்திருந்த வால்யூம் பெடலின் உடம்புக்குள் அந்த சர்க்யூட்டைப் புகுத்தினார்கள். கம்பெனித் தலைவருக்கு மனசெல்லாம் ஊதுகருவிகள் மேல். டிரம்பெட்டை அழவைத்துப் பேர் வாங்கிய கிளைடு மெக்காயின் பெயரையே 1967இல் பெடலுக்குச் சூட்டினார்கள். டிரம்பெட்காரர்கள் வாங்கினார்களோ இல்லையோ, கிடார்காரர்கள் விடவில்லை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968இல் அதை என்ன பாடு படுத்தினார் என்பது ஊரறிந்தது. 1971இல் ‘ஷாஃப்ட்’ படத்தின் முகப்பு இசை வந்தபிறகு உலகத்துச் சினிமாக்காரர்களுக்கெல்லாம் அது வேண்டியதாகிவிட்டது. அங்கிருந்து கோடம்பாக்கம், கோடம்பாக்கத்திலிருந்து திருவப்பூர் மேடை.

எங்கள் ஒத்திகை திருக்கோகர்ணத்தில் ஓர் அரிசிக்கடை மாடியில் நடக்கும். பெடல் கொஞ்ச காலமாகவே சொன்னபடி கேட்கவில்லை. பலகையை ஆட்டினால் கரகரவென்று இரைச்சல். சில சமயம் சத்தம் பொத்தென்று விழுந்துவிடும். கார்டின் பின்னை ஜாக்குக்குள் கொஞ்சம் சுழற்றினால் எழுந்து உட்காரும். ஒரு சாயங்காலம் கிடாரில் கை வைக்காமல் நின்றுகொண்டிருக்கிறேன், ஆம்ப்ளிஃபையருக்குள்ளிருந்து ஒருவர் நிலக்கடலைக்கு ஜிப்சம் போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மெதுவாகத்தான், ஆனால் வார்த்தை வார்த்தையாக. பலகையை மெல்ல மிதித்தேன். குதிகால் பக்கம் போனால் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. விரல் பக்கம் வந்தால் மூக்கு திறந்து கீச்சென்று பேசினார். திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ். டிரம்ஸ் வாசிக்கிற தம்பி சும்மா இருப்பானா, ஜிப்சத்துக்குத் தாளம் போட்டான். அன்றைக்கு ஒத்திகை அவ்வளவுதான்.

1939இல் தொடங்கிய அந்த நிலையத்துக்கும் எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கும் உள்ள உறவு சாதாரணமானது இல்லை. அறுபதுகளில் ஆடுதுறை 27 என்கிற நெல் ரகத்தை விவசாய ஒலிபரப்பில் சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் வயல்களில் இறக்கிவிட்டார்கள். சனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்தார்கள். அப்படிப்பட்ட ஸ்டேஷன் கிடார் கார்டு வழியாக வந்து கடலைக்கு யோசனை சொன்னதில் கீபோர்டுக்காரருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “இனிமே மழை வருமான்னு உன் பெடலைக் கேட்டுக்கலாம்டா” என்றார்.

கிடார் சாமான் ரிப்பேர் பார்க்கிறவர் என்று புதுக்கோட்டையில் அப்போது எவரும் கிடையாது. திருச்சியில் விசாரித்ததில், கீபோர்டு பார்ப்போம், இதெல்லாம் மெட்ராஸுக்குத்தான் போகணும் என்றார்கள். கீழராஜ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பவர். கடை முழுக்கத் திறந்து கிடக்கும் செட்டுகள், ஈயப் புகை, ஒரு மர்ஃபி ரேடியோவின் மரப்பெட்டி. வா பெடலை அவர் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

“என்ன தம்பி இது, கார் ஆக்சிலேட்டரா?”

விஷயத்தைச் சொன்னேன். ஜிப்சம் கதையைக் கேட்டதும் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டார். “திருச்சி எடுக்குதா? அப்ப இது ரேடியோதான். நம்ம வேலைதான். வைங்க.”

உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்குவார் என்று நினைத்தேன். பாய் திறக்கவே இல்லை. முதலில் கார்டை மாற்றச் சொன்னார். மாற்றினால் ஸ்டேஷன் கொஞ்சம் மங்கியது, போகவில்லை. “கார்டு ஏரியல் வேலை பாக்குது. ஆனா வியாதி அதுல இல்ல.” அடுத்து ஒன்பது வோல்ட் பாட்டரி. தனியாக வைத்துப் பார்த்தால் எல்லாப் பாட்டரியும் நல்ல பாட்டரிதான் என்று சொல்லி, பெடலில் மாட்டி ஓடும்போதே மீட்டர் வைத்தார். முள் நிலையாக நின்றது. பின்னை ஜாக்கில் அசைத்தார். முள் படுத்து எழுந்தது. “இங்க ஒண்ணு இருக்கு” என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டார்.

அந்த ஜாக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். பெடலுக்கென்று பவர் சுவிட்ச் கிடையாது. கிடார் கார்டை உள்ளே சொருகும்போது, பின்னின் உடம்பே பாட்டரியின் மைனஸை எர்த்தோடு சேர்த்துவிடும், உருவினால் பிரித்துவிடும். அதற்காகவே அங்கே மூன்று தொடர்பு உள்ள ஸ்டீரியோ ஜாக் வைத்திருப்பார்கள். சர்க்யூட் குடிக்கிற கரண்ட் ஒரு மில்லி ஆம்பியரைத் தொடாது, பாட்டரி மாதக்கணக்கில் வரும். ஆனால் கார்டைச் சொருகியபடியே விட்டுவிட்டுத் தூங்கப்போகிறவருக்கு வராது. பாட்டரி சீக்கிரம் தீர்கிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது என்று யார் வந்தாலும் முதலில் இந்த ஜாக்கின் நாக்கைப் பார்ப்பதே நல்லது. பாய் இதை யாரும் சொல்லித்தராமல் ஐந்து நிமிஷத்தில் கண்டுகொண்டார்.

அடித்தட்டின் நான்கு மூலையிலும் ரப்பர் கால். அந்தக் கால்களுக்குள்ளேதான் ஸ்க்ரூ. தட்டைக் கழற்றினால் உள்ளே எங்கள் மாவட்டத்துத் திருவிழாத் திடல் அத்தனையின் செம்மண்ணும் இருந்தது. பலகையோடு சேர்ந்து மேலும் கீழும் போகிற பல்சட்டம், அது உருட்டுகிற பற்சக்கரம், பற்சக்கரத்தின் அச்சில் வால்யூம் கண்ட்ரோல். பல்லுக்குப் பல் கிரீஸும் மண்ணும் குழைந்து சிவப்பாகக் கிடந்தது. பாய் ஒரு பழைய பல்விளக்கும் பிரஷால் அதையெல்லாம் எடுத்துவிட்டு, போர்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“இங்க பாருங்க. காயில். இது கண்டென்சர். ரேடியோவுலயும் இதே சோடிதான். ரெண்டும் சேந்து ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் தலையாட்டும். அதுல கேங் கண்டென்சரைத் திருப்புனா ஸ்டேஷன் மாறும். இதுல கேங்கைக் காணோமே?”

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் சர்க்யூட்டை வரைந்து, இரண்டாவது டிரான்சிஸ்டரைப் பேனாவால் தட்டினார். “கேங் இவன்தான்.”

அவர் அன்றைக்கு அட்டையில் கண்டுபிடித்ததைப் பிற்பாடு நான் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறேன். காயில் 500 மில்லிஹென்றி, கண்டென்சர் 0.01 மைக்ரோஃபாரட். இரண்டும் தாமாகத் தலையாட்டுகிற இடம் 2250 ஹெர்ட்ஸ் பக்கம். பலகை முழுக்க முன்னால் போயிருக்கும்போது கேட்கிற கூர்மையான ‘ஆ’ அதுதான். இரண்டாவது டிரான்சிஸ்டர் அந்தக் கண்டென்சரின் மறுமுனையை எதிர்த்திசையில் ஆட்டிவிடுகிறது. ஆட்ட ஆட்ட, கண்டென்சர் தன் அளவைவிடப் பல மடங்கு பெரியதாக நடந்துகொள்ளும். உச்சம் 450 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். எவ்வளவு ஆட்டுவது என்பது வால்யூம் கண்ட்ரோலின் கையில். கண்ட்ரோலைத் திருப்புவது பற்சக்கரம், பற்சக்கரத்தைத் தள்ளுவது என் கால். மனிதத் தொண்டையும் வாயும் உயிரெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது இதே எல்லைக்குள் சில உச்சங்களை நகர்த்தித்தான். கிடார் பேசுவதாகத் தோன்றுவதில் பிரமை ஒன்றும் இல்லை.

எங்கள் குழுவில் டோலக் வாசித்த பெரியவர் இதை வேறு விதமாகச் சொல்வார். கஞ்சிராவைக் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்த மான்பூண்டியாப் பிள்ளை புதுக்கோட்டைக்காரர், அவர் சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் புதுக்கோட்டை. இடது கை விரலால் உடும்புத் தோலை அழுத்தி நாதத்தை வளைக்கிற வித்தையை நீ காலால் செய்கிறாய் என்பார். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அது சரியில்லை. கஞ்சிராவில் ஸ்தாயியே ஏறி இறங்குகிறது. வா பெடலில் ஸ்வரம் இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் வாய் மட்டும்தான் மாறும்.

அதற்கு நெருங்கிய சொந்தம் ஊரில் வேண்டுமென்றால் குடுமியான்மலைக்குப் போகவேண்டும். அன்னவாசல் பக்கம் கச்சேரி என்றால் வேனை அங்கே நிறுத்தச் சொல்வேன். குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் ஏழாம் நூற்றாண்டு என்று கருதப்படுகிற இசைக் கல்வெட்டு. ஏழு ராகங்களுக்கு நான்கு நான்காகக் கோத்த ஸ்வரக் கோவைகள். அதில் ஒரே ஸ்வரம் ர, ரி, ரு, ரே என்று உயிரொலி மாறி மாறி வருகிறது. அந்த மாற்றம் நுண்சுருதியைக் குறிக்கிறதா, வீணையில் தந்தியை மீட்டும் முறையைக் குறிக்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் அறிஞன் இல்லை. ஆனாலும் ஒரு தந்தி, ஒரே ஸ்வரம், நாலு உயிர் என்று அந்தப் பாறையில் பார்க்கும்போதெல்லாம் என் வலது கால் தானாக அசையும்.

கடைக்கு வருவோம். பாயின் சோதனை முறை விரல்தான். ஆம்ப்ளிஃபையரில் இணைத்து வைத்துக்கொண்டு, பெடல் போர்டின் கடைசி முனையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு புள்ளியாக ஆள்காட்டி விரல் நுனியால் தொட்டார். தொட்ட இடத்திலிருந்து ஸ்பீக்கர் வரை வழி சரியாக இருந்தால் ‘ஹூம்’ என்று உறுமும். ஒன்பது வோல்ட்தான், பயமில்லை. வெளியேறும் முனையில் லேசான உறுமல். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் இன்னும் கனமாக. அங்கே மீட்டரும் வைத்தார், நாலரை வோல்ட்டை ஒட்டி நின்றது. “நடுவுல நிக்கிறான். உசிரோட இருக்கான்.” காயிலை மீட்டரில் போட்டால் சில பத்து ஓம், மயிரிழைக் கம்பி அறுந்திருந்தால் முள் அசையவே அசையாது. கடைசியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் விரலை வைத்தார். உறுமலோடு சேர்ந்து திருச்சி கணீரென்று கேட்டது. பாய் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் செய்தி கேட்டார்.

“இங்கதான் உள்ள வருது. டிரான்சிஸ்டரோட மொத சந்தியே டிடெக்டர் வேலையும் பாத்துருது. எர்த்து சரியா இருந்தா இதுக்கெல்லாம் தைரியம் வராது.”

எர்த் வயரை இழுத்துப் பார்த்தார். வெளியே பார்வைக்கு முழுசாக இருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் கீறினால், உள்ளே இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழையில் ஜாக்கோடு தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சை ஓங்கி மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் போர்டும் ஜாக்கும் சேர்ந்து அசைந்து, நாள்பட அறுத்திருக்கிறது. ஜாக்கின் நட்டும் தளர்ந்திருந்தது. புது வயரைக் கொஞ்சம் நீளமாகவே, வளைவு விட்டு, ஈயம் வைத்தார். ஜாக்கின் நாக்கைக் குறட்டால் மெல்ல உள்பக்கம் வளைத்தார். நட்டை முறுக்கினார். அதோடு, பேஸுக்கும் எமிட்டருக்கும் குறுக்கே ஒரு சின்ன டிஸ்க் கண்டென்சர், நூறு பிகோஃபாரட். கிடாரின் சத்தத்துக்கு அது இருப்பதே தெரியாது, மீடியம் வேவுக்கு மட்டும் குறுக்குவழி. திருச்சி நின்றது. பாய்க்கு அதில் முழுச் சந்தோஷம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

கரகரப்பு தனி வியாதி. வால்யூம் கண்ட்ரோலை முள் மீட்டரில் மாட்டிப் பலகையை ஆட்டச் சொன்னார். முள் வழுக்கிக்கொண்டு போகவேண்டும்; இங்கே நடுவில் துள்ளியது. கார்பன் தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த விஷயத்தில் டிஜிட்டல் மீட்டரை நான் இன்றும் நம்புவதில்லை. எண்கள் ஓடுகிற ஓட்டத்தில் துள்ளல் மறைந்துபோகும். ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தால் ஒரு கச்சேரி தாங்கும், இரண்டு தாங்கும், தேய்ந்த தடம் திரும்பி வளராது.

அங்கேதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது. பெடலுக்கென்று செய்த கண்ட்ரோல் 100 கே. திருப்பும்போது அதன் மதிப்பு ஏறுகிற விதமே தனி. அது நம் ஊரில் கிடைக்காது. பாய் தன் டப்பாவைக் கவிழ்த்து ஒரு 100 கே லீனியரை எடுத்தார். ரேடியோ கண்ட்ரோலின் அச்சு ஆறு மில்லிமீட்டர். பற்சக்கரத்தின் துளை கால் அங்குலத்துக்குப் போட்டது. அந்த மயிரிழை இடைவெளியில் பற்சக்கரம் வழுக்கும். டின் தகட்டிலிருந்து ஒரு நறுக்கு வெட்டி, அச்சைச் சுற்றி உருட்டி, பற்சக்கரத்தை அதன்மேல் தட்டி இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. வாசித்துப் பார்த்தால் பலகையின் முக்கால் தூரம் வரை கிடார் ‘ஊ’விலேயே கிடந்தது, கடைசிக் கால்வாசியில் அத்தனை உயிரும் ஒன்றாக வந்து முட்டியது.

கேட்டுக்கொண்டிருந்த பாய்க்குக் காரணம் உடனே பிடிபட்டது. கண்டென்சர் பெரியதாக இருக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன. சிறியதாக ஆக ஆகத்தான் ஒவ்வொரு துளியும் சத்தத்தைத் தூக்கி எறியும். “லீனியர் ஆகாது. காதுக்கு லாக்தான்.” லாக் கண்ட்ரோலைத் திருச்சியில் வாங்கிவந்தேன். தகட்டு நறுக்கு, தட்டல், மறுபடி சோதனை. இப்போது ‘ஊ’விலிருந்து ‘ஆ’வுக்குக் கால் போகிற வேகத்திலேயே சத்தமும் போனது. பிறகு பற்சக்கரத்தை ஒரு பல் முன்னால் தள்ளி, ஒரு பல் பின்னால் தள்ளிப் பார்த்தோம். ஒரு பல் நகர்ந்தாலே பெடலின் குணம் மாறுகிறது. குதிகால் பக்கம் ரொம்ப இறங்கவிட்டால் திடலில் கூம்பு ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்காது, அங்கே வேண்டியது நடுப்பகுதி. மேடை எதுவோ அதற்கேற்ற பல்லில் நிறுத்திக் கொடுத்தார்.

பாட்டரி எலிமினேட்டர் போடலாமா என்று கேட்டதற்கு, டேப்ரெக்கார்டருடையதை மட்டும் சொருகிவிடாதே என்று எச்சரித்தார். பெடலுக்கு நடுமுனை மைனஸ், அந்த எலிமினேட்டர்கள் பலதில் நடுமுனை பிளஸ். அதுவும் போக, திருவிழா ஜெனரேட்டரின் உறுமல் அத்தனையும் அந்த வழியாக உள்ளே வரும்.

கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. அது பழுது இல்லை, அமைப்பிலேயே உள்ள குறை. பெடலை ஓய்வில் வைத்து வாசித்தாலும் கிடாரின் பளிச்சென்ற மேல்சத்தம் மங்கியே கேட்கும். உள்ளே இருந்த சுவிட்ச் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் வகை. வெளியேறும் வழியை அது மாற்றிவிடும், நுழையும் வழி சர்க்யூட்டோடு ஒட்டியபடியே இருக்கும். ஆம்ப்ளிஃபையரின் வாசல் பத்து லட்சம் ஓம். பெடலின் வாசல் ஒரு லட்சத்தைத் தொடாது. அந்தச் சுமையைக் கிடாரின் காயில் எப்போதும் சுமந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மிதியில் மாறுகிற கால் சுவிட்ச் வேண்டும் என்று பாய் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சென்னைக்குப் போன ஒரு சிநேகிதன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி வாங்கிவந்தான். ஆறு கால்களிலும் வயர் மாற்றி ஈயம் வைக்க ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. கூலி என்று அவர் கேட்டது ஒரு பாட்டரி விலை. திருச்சி ஸ்டேஷனை நிறுத்தியதற்குக் காசு கேட்க மனசு வரவில்லை என்றார்.

அடுத்த கச்சேரி பொன்னமராவதிப் பக்கம். பெடல் ஓய்வில் இருக்கும்போதே கிடார் தன் முழுக் குரலில் வந்தது. மிதித்தால் கரகரப்பில்லாமல் பேசியது. இடைவேளையில் கீபோர்டுக்காரர் மைக்செட் தம்பியிடம் போனார். “கிடார் சத்தம் இன்னைக்கு என்ன இவ்வளவு ஜாஸ்தியா இருக்கு? கொஞ்சம் இறக்கி வை தம்பி.” அவன் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, மிக்ஸரில் எந்த வயரும் சொருகாத ஒரு வரிசையின் குமிழை அவர் கண்ணெதிரிலேயே இடப்பக்கம் திருகினான். “இப்ப சரியாண்ணே?” “ம், இப்ப பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.